ஜாதகத்துக்கு ஆடிய பெட்டி

அத்தியாயம் நான்கு

சவுரிராயன் அண்ணனுக்குக் கோபம் வந்தால் டீயை ஆற்றாமல் குடிப்பார். அன்றைக்குக் காலை ஒன்பதரைக்குள் மூன்று டீ குடித்து நாக்கைப் பொசுக்கிக்கொண்டிருந்தார்.

காரணம் எதிரில் உட்கார்ந்திருந்தது. பெயர் கிருஷ்ணவேணி. அனந்தபுரத்துப் பெண், வயது இருபத்துநாலு, பால்வாடி டீச்சர். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் எங்கள் துப்பறியும் நிலையத்துக்கு வருகிறவர்கள் வழக்கமாக அழுவார்கள். சைக்கிளைத் தொலைத்தவர்களும் அழுவார்கள், புருஷனைத் தொலைத்தவர்களும் அழுவார்கள். சைக்கிளைத் தொலைத்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே அழுவார்கள். இந்தப் பெண் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"திண்டிவனத்துல தாண்டவராயன்னு ஒருத்தர் கம்ப்யூட்டர் ஜாதக நிலையம் வெச்சிருக்காரு சார். பொறந்த தேதி, நேரம் சொன்னாப் போதும். டிவி மாதிரி ஒரு பொட்டியில எழுத்து வரும். பொருத்தம் இருக்கா இல்லையான்னு அதுவே சொல்லிடும்."

"தெரியும். அதுக்கு இன்னா இப்போ?"

"என் ஜாதகத்தைப் போட்டா அந்தப் பொட்டி ஆடுது சார்."

அண்ணனின் உதவியாளன் என்ற முறையில் நான் வாயைத் திறந்தேன். "ஆடுதுன்னா? கரகாட்டமா, காவடியா?"

கிருஷ்ணவேணி என்னைப் பார்த்த பார்வையில் என் மீசை கருகியிருக்க வேண்டும்.

"வேணு, மூடு" என்றார் அண்ணன். "நீ சொல்லும்மா."

"எழுத்தெல்லாம் நெளியுது. திரையே வெடவெடன்னு நடுங்குது. மூணு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து கண்ணால பாத்தாங்க. மூணு பேரும் பொசுக்குனு எழுந்து போயிட்டாங்க. இப்போ ஊர்ல எனக்குப் பேரே 'பொட்டி ஆட வெச்சவ'. கொழந்தைங்களை என் பால்வாடிக்கு அனுப்பவே யோசிக்கிறாங்க."

"மத்தவங்க ஜாதகத்துக்கு ஆடலையா?"

"கல்லு மாதிரி நிக்குதாம். நாலாவதா ஒருத்தர் வந்தாரு, அப்பாதுரைன்னு. திண்டிவனத்துல அரிசி மண்டி. நாப்பத்தாறு வயசு, ரெண்டாந்தாரம். அவரோட பாத்தப்ப மட்டும் பொட்டி ஆடல. பத்துக்கு ஒம்போது பொருத்தம்னு வந்துடுச்சு. எங்கப்பா பயந்துபோய் ஒத்துக்கினாரு. நாளைக்குக் காலையில தட்டு மாத்தப் போறாங்க."

அண்ணன் நான்காவது டீக்குக் கை காட்டினார்.

"என் ஜாதகத்துலதான் கோளாறுன்னா, நான் வாயை மூடிக்கினு கழுத்தை நீட்டறேன் சார். பொட்டியில கோளாறுன்னா அதை இன்னிக்கே கண்டுபிடிச்சு எங்கப்பாகிட்ட காட்டுங்க. நாளைக்குக் கண்டுபிடிச்சா எனக்குப் பிரயோஜனம் இல்ல."

அண்ணன் துப்பறியத் தொடங்குவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ரேடியோ ரிப்பேர் செய்தவர். உயிரில்லாத பொருள்கள் பொய் சொல்லாது, அதற்குப் பக்கத்தில் நிற்கிறவன்தான் சொல்வான் என்பது அவர் வேதம்.

"பொட்டிக்கு நட்சத்திரம் தெரியாதும்மா" என்றார். "அதுக்குத் தெரிஞ்சது கரண்டு ஒண்ணுதான். மூணு மணிக்கு உங்கப்பாவைக் கூட்டிக்கினு அந்தத் தாண்டவராயன் கடைக்கு வந்துடு. புதுசா ஒரு வரன் வந்திருக்குன்னு சொல்லு."

முதலில் பெட்டி ஆடியதைப் பார்த்தவர்கள் விழுப்புரத்திலேயே இருந்தார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் விசாலாட்சி அம்மாள் அரிசி புடைத்துக்கொண்டே எங்களை வரவேற்றார். கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளையின் தாயாருக்குரிய கம்பீரம் அந்த முறத்தில்கூட இருந்தது.

"எங்க கண்ணால பாத்தோம்பா. அவ பேரு வந்துச்சு, பொட்டி நடுங்குச்சு. எனக்குக் குலையே நடுங்கிடுச்சு."

"பொண்ணு எப்படிம்மா?"

"பொண்ணுக்கு இன்னா கொறை? மூக்கும் முழியுமா இருக்கா. பதவிசா பேசுறா. ஆனா உசுரில்லாத பொட்டியே நடுங்குதுன்னா, உசுரோட இருக்கற என் புள்ள இன்னாவான்?"

"அந்தத் தாண்டவராயன் ஆளு எப்படி?"

"தங்கம்! போன உடனே கலர் சோடா வாங்கிக் குடுத்தாரு. கத்திரி வெயிலு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ள பூந்தா அடுப்பு. ஆனா எங்களுக்கு ஒரு சொட்டு வேர்க்க வுடலையே மனுஷன். என் முந்தானை பறந்துகினே இருந்துச்சுன்னா பாத்துக்கோ. மரியாதைன்னா அது மரியாதை."

அண்ணனின் காது லேசாக அசைந்தது. ரேடியோவில் ஸ்டேஷன் சிக்கினால் அவர் காது அப்படித்தான் அசையும்.

"ஏம்மா, கரண்டு ஏறி இறங்கினா உங்க வீட்டு பல்பும்தான் நடுங்குது. பல்புக்கு ஜாதகம் பாத்தீங்களா?"

விசாலாட்சி அம்மாள் முறத்தைத் தட்டிய வேகத்தில் தவிடு எங்கள் மேல் பறந்தது. மரியாதையாக வெளியேறினோம்.

"உமிதான் மிச்சம் அண்ணே" என்றேன்.

"இல்லடா. அரிசியே கெடைச்சிடுச்சு" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. திண்டிவனம் பஸ்ஸில் ஏறி விக்கிரவாண்டி தாண்டும்வரை ஜன்னல் கம்பியை முறுக்கிக்கொண்டே வந்தார். கம்பி அரசாங்கத்துடையது என்பதால் பிழைத்தது.

தாண்டவராயன் நிலையம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. முன்னறையில் பெஞ்சு, அதற்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் ஒரு பழைய இரும்பு டேபிள் ஃபேன். ஓடவில்லை. தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை தகித்தது. சீலிங் ஃபேன் மாட்ட வழியில்லை. உள்ளறையில் மேஜை மேல் கம்ப்யூட்டர். நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு, ஊரையே விழுங்கிய சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தது. சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு கடிதம். மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினியர், 'இயந்திரத்தில் எவ்விதப் பழுதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அண்ணன் அதைப் படித்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"பொட்டியில பழுது இல்லன்னு சர்ட்டிபிகேட்டு. அப்போ பழுது யார்கிட்டன்னு ஊரே முடிவு பண்ணிக்கும். இன்னா சாமர்த்தியம் பாருடா."

முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கும் அம்சா மட்டும் இருந்தாள். இருபது வயது இருக்கும். ஜாக்கெட் முதுகு முழுக்க வியர்வை. கிருஷ்ணவேணி பெயரைச் சொன்னதும் அவள் முகம் இறுகியது.

"அவங்க ஜாதகத்தை ஒரு தடவை போட்டுக் காட்டும்மா."

அம்சா தட்டினாள். பச்சை எழுத்தில் பெயர் வந்தது, ராசி வந்தது, நட்சத்திரம் வந்தது. பெட்டி ஆடவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். ஆடவில்லை. அண்ணன் பிளக்கைத் தொட்டுப் பார்த்தார், ஒயரை இழுத்துப் பார்த்தார், ஸ்டெபிலைசர் மேல் காதை வைத்துக் கேட்டார். எல்லாம் ஒழுங்கு.

"என்னைப் பாத்து பயந்துடுச்சு போல அண்ணே" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நான் சட்டையை உதறிக்கொண்டு அலமாரிப் பக்கம் போனேன். ஜாதகக் கட்டுகளுக்கு மேலே ஒரு பனையோலை விசிறி கிடந்தது. புதுசு. கைப்பிடியில் சந்தனம் ஒட்டியிருந்தது. எடுத்து வீசிக்கொண்டேன். "கம்ப்யூட்டர் காலத்துல ஓலை விசிறி! ஏம்மா அம்சா, இது மெஷினோட ஸ்பேர் பார்ட்டா?"

அம்சா சட்டென்று வந்து அதைப் பிடுங்கி மறுபடி மேலே வைத்தாள். "அது ஒரு விருந்தாளிக்கு வாங்கினது" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"இந்த வெந்து சாகற ரூம்ல முன்னாடி இருக்கற ஃபேனை நீ போட்டுக்கக் கூடாதா?" என்று கேட்டார் அண்ணன்.

"எனக்கெல்லாம் ஏது சார் ஃபேனு? அது மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு. அவங்க வந்தா முதலாளியே தூக்கியாந்து மேஜை மேல வெப்பாரு."

"மெட்ராஸ் இன்ஜினியர் வந்தப்போ?"

"மெக்கானிக்குக்கு யாரு சார் ஃபேன் போடுவாங்க? ஒரு டீ குடுத்தாரு."

"மத்த ஜாதகத்துக்கெல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றதில்லையா?"

"தரகருங்க தருவாங்க, மறுநாள் தாளை வாங்கிக்கினு போவாங்க. அந்தக்காவுக்குத்தான் கூட்டமா வர்றாங்க. மொதல்ல வந்தவங்க கம்ப்யூட்டரை வேடிக்கை பாக்க வந்தாங்க. பின்னால வந்தவங்க, பொட்டி ஆடுதாமே, பாக்கலாம்னு வந்தாங்க."

அண்ணன் சிரித்தார். காலையிலிருந்து முதல் சிரிப்பு. பார்க்க நன்றாக இல்லை.

"வேணு."

"அண்ணே?"

"மூணு மணிக்கு உனக்குக் கல்யாணப் பேச்சு. ஜல்தியா எங்கியாச்சும் ஒரு வெள்ளை வேட்டி வாங்கிக் கட்டு." அம்சாவிடம் திரும்பி, "எங்களை நீ பாக்கவே இல்ல, சரியா?" என்றார். அவள் வெறுமனே தலையாட்டவில்லை. "நல்லா வாங்கிக் கட்டட்டும் சார்" என்றாள்.

டீக்கடைக்காரரின் வேட்டி, என் சட்டை, நெற்றியில் யாரோ ஒருவர் கொடுத்த கோயில் சந்தனம். மூன்று மணிக்கு நான் மாப்பிள்ளை. அண்ணன் என் தாய்மாமன். கிருஷ்ணவேணியின் அப்பா வேங்கடேசன் வேர்த்து விறுவிறுத்து வந்திருந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய கையில் இன்னும் செம்மண். என்னைப் பார்த்து அவர் கும்பிட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கிருஷ்ணவேணி உள்ளே வரவில்லை. முன்னறைக் கதவருகே நின்றுகொண்டாள்.

சாப்பிட்டுக் குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வந்த தாண்டவராயன் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். ஐம்பது வயது, பட்டை விபூதி, பேச்சில் வெண்ணெய்.

"வாங்க மாப்பிள்ள, வாங்க! வேங்கடேசன் ஐயா, நாளைக்குத் தட்டு மாத்தறதா பேச்சு இருக்கே. எதுக்கு இன்னொரு வரன்?"

"பொண்ணு கேக்குது சாமி. கடைசியா ஒண்ணு பாத்துடலாம்னு."

"பாத்துடலாம், பாத்துடலாம். யாரு தலையெழுத்தை யாரு மாத்த முடியும்? அய்யய்யோ, மாப்பிள்ளைக்கு வேர்க்குது பாருங்க!"

சொல்லிக்கொண்டே முன்னறைக்கு ஓடினார். அந்த இரும்பு ஃபேனை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வந்தார். மேஜை மேல், பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி வைத்தார். என் முகத்துக்கு நேராகத் திருப்பி, சுவிட்சைப் போட்டார். காற்று முகத்தில் அடித்தது. எனக்கு வாழ்நாளில் யாரும் அத்தனை மரியாதை செய்ததில்லை.

அம்சா தட்டினாள். 'கிருஷ்ணவேணி' என்று பச்சை எழுத்தில் வந்தது. வந்த உடனே நெளிந்தது. திரை முழுக்க வெடவெடவென்று நடுங்கியது.

வேங்கடேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் இன்னா பண்ண முடியும்?" தாண்டவராயன் கையை விரித்தார். "மெஷினு பொய் சொல்லாது. பேசாம அப்பாதுரைக்கே..."

அண்ணன் எழுந்தார். ஒன்றும் பேசாமல் ஃபேன் சுவிட்சை அணைத்தார். றெக்கை நின்றது. திரையும் நின்றது. போட்டார், நடுங்கியது. அணைத்தார், நின்றது. அப்புறம் ஓடுகிற ஃபேனைத் தூக்கிக்கொண்டு, ஒயர் எட்டுகிறவரைக்கும் நாலடி தள்ளிப் போய் நின்றார். திரை அசையவில்லை. ஒவ்வொரு அடியாகக் கிட்டே வந்தார். நடுக்கமும் கூடவே வந்தது. ஃபேனை மறுபடி மேஜை மேல் வைத்தார்.

"ஐயா வேங்கடேசன்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. அது ஆபத்தான தாழ்வு. "இந்த மோட்டாருக்குள்ள கரண்டு ஓடுறப்போ காந்தம் உண்டாகுது. கிட்ட வெச்சா பொட்டியில வர்ற படத்தைப் புடிச்சு இழுக்கும். ரேடியோக் கடையில கூட்டறவனுக்குக்கூட இது தெரியும். உங்க பொண்ணு ஜாதகத்துல ஒண்ணும் இல்ல. மாப்பிள்ளை வூட்டுக்காரங்களுக்கு வேர்க்கக் கூடாதுன்னு போட்ட ஃபேனு அது. அவங்க வேர்வைக்காக உங்க பொண்ணு பேரு நாறிப்போச்சு."

வேங்கடேசன் ஃபேனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கதவருகே நின்ற மகளைப் பார்த்தார்.

தாண்டவராயன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடப் பாவமே! எனக்கு இன்னா சாமி தெரியும்? வந்தவங்களுக்கு மரியாதை செஞ்சேன். அது இப்படியா முடியணும்? ஐயா, என்னை மன்னிச்சுடுங்க!"

"தெரியாமப் பண்ணதுக்கு இன்னா பண்றது..." என்று வேங்கடேசன் கையைக் கூப்பப் போனார். ஏழை மனுஷனுக்கு மன்னிக்கிற அவசரம் அதிகம். பார்க்க எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் அவர் கையைப் பிடித்து இறக்கினார்.

"நானும் தெரியாமத்தான் பண்ணாருன்னு நெனச்சேன்யா, இதைப் பாக்கற வரைக்கும்."

அலமாரி மேலிருந்து அந்தப் பனையோலை விசிறியை எடுத்து மேஜை மேல் போட்டார். தாண்டவராயன் முகத்தில் இருந்த வெண்ணெய் உருகிப்போனது.

"மூணு மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்தாங்க, மூணு தடவையும் ஃபேனு. நாலாவதா அப்பாதுரை வந்தாரே, அவரும் மாப்பிள்ளைதானே? அவருக்கு வேர்க்கலையா? அன்னிக்கு இந்த ஃபேன் எங்க போச்சு?"

"அது... ரிப்பேரு..."

"ரிப்பேர் இல்ல சார்." அம்சா எழுந்து நின்றாள். "அன்னிக்கு இவரே ஃபேனைத் தூக்கிப் பின்னால ரூம்ல வெச்சுப் பூட்டினாரு. இந்த விசிறியை வாங்கியாரச் சொன்னாரு. அரை மணி நேரம் அந்தாளுக்கு நான்தான் விசிறினேன். மொத தடவை இவருக்கும் தெரியாதுதான். அதுக்கப்புறம் ஒரு நாள் ஃபேனைப் போட்டுப் போட்டு நிறுத்திப் பாத்து, தானா சிரிச்சுக்கினாரு. இன்னா சார்னு கேட்டேன். வேலை வேணும்னா வாயை மூடுன்னாரு."

"அப்பாதுரை இவருக்கு யாரும்மா?"

"இவரு சம்சாரத்துக்குக் கூடப் பொறந்தவரு."



"ஊரான் வூட்டு மாப்பிள்ளைக்கெல்லாம் கரண்டு காத்து" என்றேன் நான். "சொந்த மச்சானுக்கு மட்டும் ஓலை விசிறி. உலகத்துலயே மச்சானை வேர்க்க வெச்சு மாப்பிள்ளை ஆக்கின ஆளு நீங்கதான் சாமி."

இந்தத் தடவையும் யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

வேங்கடேசன் எழுந்தார். அந்தச் செம்மண் கை தாண்டவராயன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. "என் பொண்ணைக் கெழவனுக்குத் தள்ளறதுக்கு மூணு நல்ல எடத்தைக் கெடுத்தியாடா? நான் உன்னைச் சாமின்னு கூப்ட்டேனேடா!"

அடி விழுவதற்குள் அண்ணன் நடுவே புகுந்தார். "அடிச்சா இவன் ஆஸ்பத்திரியில படுத்துக்கினு நல்லவன் ஆயிடுவான். வேற வழி இருக்கு. கையால எழுதி வாங்கினா ஊரு நம்பாது. கம்ப்யூட்டர்ல வந்தாத்தான் நம்பும். அம்சா, நான் சொல்றதை அடிம்மா."

பிரிண்டர் கீச்கீச்சென்று இழுத்தது. ஓரத்தில் வரிசையாக ஓட்டை போட்ட அந்தத் தாளில், ஊர் பயப்படுகிற அதே எழுத்தில், இப்படி வந்தது: 'கிருஷ்ணவேணி ஜாதகத்தில் குறை இல்லை. பெட்டி ஆடியது பக்கத்தில் வைத்த மின்விசிறியால். இது தெரிந்தும் என் மைத்துனருக்காக மறைத்தேன். தாண்டவராயன்.'

கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். வேங்கடேசன் அருகில் வந்து நின்றார். போட்டார். நாலு தாள். ஒன்றை இன்ஜினியர் கடிதத்துக்கு மேலேயே ஒட்டினேன்.

"இந்தப் பொண்ணை நீ வேலையை வுட்டு எடுத்துட்டேன்னு கேள்விப்பட்டேன்னா, நாலு தாளு நாப்பது ஆவும்" என்றார் அண்ணன். "மார்க்கெட் பூரா ஒட்டுவேன்."

வேங்கடேசன் ஒரு தாளை நாலாக மடித்து மடியில் செருகினார். மகள் பக்கம் போனார். "நாளைக்குத் தட்டு கிட்டு ஒண்ணும் இல்லம்மா. இதை எடுத்துக்கினு விழுப்புரத்துக்காரங்களை மறுபடியும் பாக்கறேன். நல்ல எடம். காட்டினா ஒத்துக்குவாங்க."

கிருஷ்ணவேணி அப்போதுதான் உள்ளே வந்தாள்.

"காட்டுப்பா. நல்லாப் படிக்கட்டும். ஆனா நான் அந்த வூட்டுக்குப் போகமாட்டேன்."

"ஏம்மா?"

"பொட்டி ஆடினதும் எழுந்து போனாங்களே, ஒருத்தராச்சும் ஏன் ஆடுதுன்னு கேட்டாங்களா? நீ கேட்டியா? நான் பொறந்ததுலேருந்து என்னைப் பாக்கறியே, மூணு தடவையும் பொட்டியை நம்பிட்டு வந்து என் மூஞ்சியைப் பாக்காமத்தானே சோறு துன்ன?"

வேங்கடேசன் தலை கவிழ்ந்தது.

அவள் நேராக மேஜைக்குப் போனாள். ஃபேனை அணைத்து, தூக்கினாள். கனமான இரும்பு. நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். அங்கிருந்த ஒரு ஸ்டூலைக் காலால் இழுத்து, பெட்டிக்கு நாலடி தள்ளி வைத்து, அதன் மேல் ஃபேனை நிறுத்தினாள். அம்சா பக்கம் திருப்பினாள்.

"நீ எத்தினி வருஷமா இங்க வேலை செய்யற?"

"ரெண்டு வருஷம்க்கா."

"ஒரு நாளாச்சும் இதுல காத்து வாங்கியிருக்கியா?"

அம்சா இல்லையென்று தலையாட்டினாள். கிருஷ்ணவேணி சுவிட்சைப் போட்டாள். அம்சாவின் கழுத்தில் ஒட்டிக்கிடந்த ஈர முடி மெல்லப் பிரிந்து பறந்தது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு அந்தக் கடையில் அழுதது அவள் ஒருத்திதான்.

தாண்டவராயன் மூலையில் நின்று வேர்த்துக்கொண்டிருந்தார். நான் ஓலை விசிறியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

திரையில் கிருஷ்ணவேணி என்ற பெயர் அப்படியே நின்றுகொண்டிருந்தது.